புது பிக்கப்பில் 90-ஐத் தொட்டால் உதறல்: பேலன்சிங் செய்தும் போகாவிட்டால் என்ன செய்வது?

80 வரை ஒன்றும் தெரியாது. 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங்கோ சீட்டோ உதறத் தொடங்கும். சர்வீஸ் சென்டரில் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்து கொடுத்த பிறகும் உதறல் அப்படியே இருக்கும். இதில் அலைன்மென்ட்டை மறந்துவிடலாம். அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் கோணலாகத் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் உதறலுக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம்.

1. எப்போது வருகிறது?

உதறும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கியர் குறையுங்கள். உதறல் மாறினால் இன்ஜின் பக்கம் பாருங்கள். மாறாவிட்டால் சக்கரம் அல்லது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின்பக்கம்.

கான்கிரீட் சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். 4.5 மீட்டருக்கு ஒரு இணைப்பு இருந்தால், 90-இல் போகும் காலி பிக்கப் நொடிக்கு ஐந்தாறு முறை குதிக்கும். அது பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டைப் பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்) சுபாவம், பழுது அல்ல.

2. எண்ணைக் கண்டுபிடியுங்கள்

டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளங்கள். 265/60 ஆர்18 டயருக்கு ஏறக்குறைய 2.36 மீட்டர் வரும். 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். 25-ஐ 2.36-ஆல் வகுத்தால் 10.6, சக்கரம் நொடிக்கு அத்தனை சுற்று சுற்றுகிறது. டிஃபரன்ஷியல் விகிதம் 3.9 என்றால், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.9 சுற்று சுற்றினால், ஷாஃப்ட் நொடிக்கு 41 சுற்று. ஸ்பீடோமீட்டர் சற்றுக் கூட்டியே காட்டும் என்பதால் ஜிபிஎஸ் வேகத்தை எடுங்கள்.

இனி போனில் ஸ்பெக்ட்ரம், அதாவது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது (ஹெர்ட்ஸ்) என்ற வரைபடம், காட்டும் அதிர்வுச் செயலி ஒன்று போதும். போனை ஹோல்டரில் மாட்டாதீர்கள், ஹோல்டரே தனியாக ஆடும். சென்டர் கன்சோலில் இருபக்க டேப் போட்டு ஒட்டுங்கள். திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். 10.6 அல்லது அதன் இரண்டு மடங்கான 21 அருகே முகடு எழுந்தால் சக்கரம். 41 என்றால் ஷாஃப்ட். ஷாஃப்ட்டின் கிராஸ் (முனையில் உள்ள சிலுவை வடிவ மூட்டு) தரும் அதிர்வு இதற்கு இரண்டு மடங்கு, 82 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை மட்டும் அளக்கும் போனில் அது 18 என்று பொய்யாகத் தெரியலாம். 200 முறையாவது அளக்கும் போன் நல்லது.

3. சக்கரம்

காலையில், வண்டி ஓடுவதற்கு முன் காற்றைச் சரிபாருங்கள். யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டயரில் ஒரு இடம் தட்டையாகியிருக்கலாம். 30 கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் உதறல் குறைந்தால் காரணம் அதுதான்.

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது பேலன்சிங் மெஷினில். சக்கரத்தின் மையம் மெஷினின் மையத்தோடு சரியாக உட்காராவிட்டால், திரையில் சைபர் வந்தும் பயனில்லை. சைபர் வந்ததும் கிளாம்ப்பைத் தளர்த்தி, சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கி ஓட்டச் சொல்லுங்கள். இப்போது 15, 20 கிராம் காட்டினால் மாட்டிய விதமே தப்பு. சக்கரத்தை மையத்தில் உட்காரவைக்கும் கூம்பான கோனைப் பின்பக்கத்திலிருந்து போட்டு, முன்னால் நட் துளைகளில் அழுத்தும் ஃபிளாஞ்ச் பிளேட் வைத்திருக்கும் கடையைத் தேடிப் போங்கள்.

அதுவும் சரி என்றால் டயரின் உருண்டை. மெஷினில் டயர் அந்தரத்தில் சுற்றுகிறது. பளு ஏறும்போதுதான் சைடுவாலில் (டயரின் பக்கச் சுவர்) ஒரு பக்கம் விறைப்பாக இருப்பது வெளிப்படும். இதை ரோட் ஃபோர்ஸ் மெஷின் ரோலரால் அழுத்திக் காட்டும். என் பரிந்துரை எப்போதும் இதுதான். கிடைக்காத ஊரில் ஜாக்கி போட்டு, சக்கரத்தைச் சுற்றும்போது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் டயல் கேஜ் வையுங்கள். இந்த ஏற்ற இறக்கம் (அவுட்) ரிம்மில் 0.75 மி.மீ., டயரில் 1.5 மி.மீ. தாண்டக் கூடாது. தாண்டினால் டயரை ரிம்மிலேயே அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி அளங்கள். பல நேரம் இதுவே போதும்.

திரும்ப மாட்டும்போது ஹப் முகத்தில் துருவோ மண்ணோ இருக்கக் கூடாது. சக்கரம் தரையைத் தொடாத நிலையில் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, இறக்கியபின் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். ஏர் கன்னால் கடைசி இறுக்கு வேண்டவே வேண்டாம்.

4. ஷாஃப்ட்

புது வண்டிக்கு அடித்த ஆன்டி ரஸ்ட் கோட்டிங் ஷாஃப்ட்டின் மேலும் திட்டாகப் படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேலன்ஸைக் கெடுக்க அது போதும். துடைத்தெடுங்கள். பற்றவைத்த வெயிட் ஒன்று விழுந்த தடம் தெரிகிறதா, சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்ததா என்பது அடுத்தது. வாரண்டி இருக்கும்வரை ஷாஃப்ட்டை நீங்களே கழற்ற வேண்டாம்.

பிற்சேர்க்கை: பின்பக்கம் உயர்த்த லிஃப்ட் பிளாக் போட்ட வண்டிகளில், கிளம்பும்போதும் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் அதிர்வு வரும். ஷாஃப்ட்டின் கோணம் மாறியதுதான் காரணம். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருத்த வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஜாப் கார்டில் “வைப்ரேஷன்” என்று மட்டும் எழுத விடாதீர்கள், “ஜிபிஎஸ் 90, டயர் சூடான பின், 10.6 ஹெர்ட்ஸ், சீட்டில்” என்று எழுதச் சொல்லுங்கள். டயருக்கான வாரண்டி பெரும்பாலும் டயர் கம்பெனியுடையது. அந்தக் கோரிக்கையைத் தனியாகப் பதிவு செய்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.