‘ஜர்னல் ஆஃப் நியூரோகெமிஸ்ட்ரி’ கட்டுரையை முதன்முறை படிப்பது எப்படி?

1956 முதல் வரும் ஆய்விதழ் இது. நரம்புச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன், குளுட்டமேட் போன்ற வேதிப்பொருள்கள், நொதிகள், கொழுப்புகள் என்று நரம்பு மண்டலத்தின் வேதியியல் முழுக்க இதில் உண்டு. பயிற்சிக்குப் பழைய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 1966இல் க்ளோவின்ஸ்கியும் (Glowinski) ஐவர்சனும் (Iversen) எலி மூளையைப் பற்றி எழுதியது.

படி 1: மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் (PubMed) தளத்தில் இருவர் பெயரையும் ஆண்டையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். முழுக் கட்டுரை கிடைக்காவிட்டால் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள்.

படி 2: முன்னுரையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சுருக்கம் இருந்தால் அதைப் படித்துவிட்டு, நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். பலர் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். எனக்குக் கட்டுரையின் உயிரே இங்கேதான். எந்த விலங்கு, மூளையின் எந்தப் பகுதி, எப்படி அளந்தார்கள்? இவர்கள் எலி மூளையை ஏழு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஏன் அவ்வளவு சிரமம்? டோபமைன் பெரும்பாலும் ஸ்ட்ரையேட்டம் என்ற சிறிய பகுதியில்தான் குவிந்திருக்கிறது. முழு மூளையையும் சேர்த்து அரைத்திருந்தால் அந்த வேறுபாடே தெரிந்திருக்காது. அவர்கள் பிரித்த முறையைப் பின்னால் வந்த ஆய்வகங்கள் பலவும் அப்படியே எடுத்துக்கொண்டன.

படி 3: அட்டவணையில் எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள். ஒரு கட்டுரை ‘ஒரு கிராம் திசுவுக்கு இத்தனை மைக்ரோகிராம்’ என்னும்; இன்னொன்று ‘ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை பிகோமோல்’ என்னும். (மோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கான அலகு; 1 நானோமோல் என்பது 1,000 பிகோமோல்.) அப்படியே ஒப்பிட்டால் குழப்பம்தான். டோபமைனின் மூலக்கூறு எடை சுமார் 153. ஆகவே 1 மைக்ரோகிராம் என்பது ஏறக்குறைய 6.5 நானோமோல். ஈரத் திசுவில் பத்தில் ஒரு பங்கு புரதம், அதாவது ஒரு கிராமில் 100 மில்லிகிராம், என்று தோராயமாக வைத்தால், கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்பது மில்லிகிராம் புரதத்துக்குச் சுமார் 65 பிகோமோல். இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள்.

படி 4: ± குறிக்குப் பின்னால் இருப்பது திட்ட விலக்கமா (அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது, SD), சராசரியின் திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு துல்லியம் என்பது, SEM)? இரண்டாவது எப்போதும் சிறிதாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். ‘n’ என்று போட்டிருப்பது எலிகளின் எண்ணிக்கையா, ஒரே எலியின் மாதிரிகளா என்பதையும் பாருங்கள்.

படி 5: இப்போது விவாதப் பகுதி. அதைத் திறக்குமுன் அட்டவணையிலிருந்து உங்களுக்குத் தோன்றிய முடிவை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். ஆசிரியர்கள் அதைவிட அதிகம் சொல்லியிருந்தால், அதற்கு எந்த அட்டவணை ஆதாரம் என்று தேடுங்கள். அப்புறம் பப்மெட்டில் அதே பக்கத்தின் கீழே, இதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். அடுத்த கட்டுரையை அதிலிருந்தே எடுக்கலாம்.