பம்பில் சுற்றிய இரண்டு மீற்றர் டேப்

கொழும்பிலிருந்து சைக்கிளில் தூரப் பயணம் கிளம்புகிறீர்களா? புறக்கோட்டை ஹாட்வெயார் கடையில் டக்ட் டேப் (துணி பதித்த பலமான ஒட்டு நாடா) ஒன்று வாங்கி வையுங்கள். முழுச் சுருளையும் சுமக்க வேண்டாம். இரண்டு மீற்றரை காற்றடிக்கும் பம்பில் இறுக்கிச் சுற்றி, நுனியை மடித்து விடுங்கள். மழையில் நனைந்த விரலுக்கும் பிடி கிடைக்கும்.

பாணந்துறையிலிருந்து திரும்பும்போது கண்ணாடித் துண்டொன்று என் டயரின் பக்கத்தைக் கிழித்தது. வெட்டு வழியே டியூப் கொப்புளம்போல் பிதுங்கி நின்றது. காற்றை இறக்கி, டயரின் உட்புறத்தை ஈரம் போகத் துடைத்து, டேப்பை மூன்று மடிப்பாக ஒட்டினேன். அப்புறம் காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடித்து, கொழும்பு-காலி வீதியில் மெதுவாக வெள்ளவத்தை வந்து சேர்ந்தேன். அன்றே டயரை மாற்றிவிட்டேன்.

டியூபில் ஓட்டை என்றால் டேப்பை நம்பாதீர்கள், காற்று கசியும். அதற்கு ஒட்டுப் போடத்தான் வேண்டும்.