"படம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வது? புதிதாய்ச் சொல்லப் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. 'வாழை', 'கொட்டுக்காளி' இரண்டும் ஒரே நாளில் வெளியாயின. 'வாழை' மாரி செல்வராஜ் படம், அதுவும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கதை என்பதால் எங்கள் தெருவில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. இரண்டு நாளில் இரண்டையும் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி கேட்டார்.

"ஏ பிள்ள, வாழ எப்படி இருக்கு? போலாமா?"

"கொள்ளாம் சித்தி, நல்ல படம். போய்ட்டு வாங்க."

சித்தி வீட்டில் அதற்கு நாலு மாதம் முன்பு ஒரு சாவு. சின்ன வயது. 'வாழை'யின் கடைசிப் பகுதியில் ஒரு பெருந்துயரம் வருகிறது. பார்க்காதவர்கள் இருப்பீர்கள், அதற்கு மேல் இங்கே சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்த சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். பிறகு, "நல்லாத்தான் எடுத்திருக்கான். நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா" என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

படம் நல்ல படம் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சித்தி என்னிடம் கேட்டது "போலாமா?" என்று. நான் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் படத்துக்கு மார்க் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் சில படிகளை வைத்துக்கொண்டேன். புதிதாகப் பழகுபவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

படி 1: வீடு போய்ச் சேருவதற்குள் மூன்று வரி

படம் முடிந்ததும் போனை எடுத்து மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். பத்து நிமிடம் பார்த்தால் போதும், யாரோ சொன்னது உங்கள் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் திருநெல்வேலி ஜங்ஷனில் படம் பார்த்தால் சுலோசன முதலியார் பாலம் வழியாகக் கொக்கிரகுளம் வரை நடந்துவிடுவேன். ஆற்றுக்காற்று முகத்தில் அடிக்கும்போது எது மனதில் நிற்கிறதோ அதுதான் படம் எனக்குக் கொடுத்தது.

மூன்றே மூன்று எழுதுங்கள்: கண்ணில் நின்ற ஒரு காட்சி, காதில் நின்ற ஒரு சத்தம் அல்லது ஒரு பேச்சு, எந்த இடத்தில் மணி பார்த்தீர்கள் என்பது. மூன்றாவதை எழுத மறந்துவிடுவோம். ஆனால் படம் எங்கே தொய்ந்தது என்பதை அதைப் போலத் துல்லியமாக வேறெதுவும் காட்டாது.

படி 2: கேட்பவர் யார் என்று பாருங்கள்

பெரிய படி இதுதான், இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். ஒரே படத்தை ஆச்சிக்கும், பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்கும், நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் மைனிக்கும் (அண்ணன் மனைவி) ஒரே மாதிரி சொல்ல முடியாது.

மைனி கேட்டால் முதலில் தணிக்கைச் சான்றிதழைச் சொல்லுங்கள். படம் தொடங்குமுன் திரையில் வருமே, அதுதான். முன்பு யு, யு/ஏ, ஏ என்று இருந்தது. 2024 நவம்பரிலிருந்து நடுவில் இருந்த யு/ஏ மூன்றாகப் பிரிந்து யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று வருகிறது. அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்பது பெற்றவர்கள் முடிவு. ஆனால் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ரத்தமா, கெட்ட வார்த்தையா, திடுக்கிடும் சத்தமா என்று சொன்னால்தான் மைனியால் முடிவெடுக்க முடியும்.

அம்பையிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ வருபவர் என்றால் படத்தின் நீளத்தைச் சொல்லுங்கள். விளம்பரமும் இடைவேளையும் சேர்த்து எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள் என்பதும் முக்கியம். கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே கிளைமாக்ஸ் பார்ப்பவருக்கு எந்தப் படமும் பிடிக்காது.

துக்கத்தில் இருப்பவர், ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருப்பவர், வீட்டில் வளர்த்த நாயைப் பறிகொடுத்தவர் — இவர்களுக்கு ஒரு வார்த்தை கட்டாயம். 'பரியேறும் பெருமாள்' (2018) தொடக்கத்திலேயே கருப்பி என்ற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறார்கள். நாய் வளர்க்கும் ஒருவரிடம் இதைச் சொல்லாமல் அந்தப் படத்தைச் சிபாரிசு செய்யக் கூடாது. தொடக்கக் காட்சிதான், சொன்னால் கதை கெட்டுப்போகாது.

முடிவில் வரும் துயரத்தை எப்படிச் சொல்வது? என்ன நடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை, மனதுக்கு என்ன ஆகும் என்று சொன்னால் போதும். "சித்தி, மொத பாதி சிரிப்பா போகும், பள்ளிக்கூடத்துப் பயலுவ ரஜினி, கமல்னு சண்ட போடுவானுவ. கடைசி அரை மணி நேரம் நெஞ்சப் பிசைஞ்சுரும். இப்ப வேண்டாம், ஆறு மாசம் போவட்டும்." இந்த மூன்று வாக்கியத்தில் கதையின் முடிச்சு எதுவும் அவிழவில்லை. அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான்.

படி 3: "நல்லாருக்கு" என்பதைக் கையில் எடுத்து உடையுங்கள்

தொடக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் சொல்வோம்: "கொட்டுக்காளி சூப்பர். சூரி நடிப்பு வேற லெவல். கண்டிப்பா பாருங்க." இதைக் கேட்டவருக்கு உங்களுக்குப் படம் பிடித்திருக்கிறது என்று தெரியும். தனக்குப் பிடிக்குமா என்று தெரியாது.

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் "எந்த இடத்துல?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது எனக்குக் கிடைத்த விடை ஒரு காளை. மீனா என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருக்கிறது. நடுரோட்டில் ஒரு காளை மறித்து நிற்கிறது. அதுவரை குரலை உயர்த்திக்கொண்டு வந்த ஆண்கள் பக்கத்தில் போகத் தயங்குகிறார்கள். ஒரு சின்னப் பெண் வருகிறாள், காளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. யாரும் விளக்கம் சொல்லவில்லை. ஆனால் ஆட்டோவுக்குள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மீனாவை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரி பார்த்தேன்.

"இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் ஆணாதிக்கத்தை நுட்பமாகச் சொல்லியிருக்கிறார்" என்பதைவிட அந்தக் காளையைச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரு படத்துக்கு ஒரு காட்சி போதும். மூன்று காட்சி சொன்னால் அவர் படத்தைப் பாதி பார்த்த மாதிரி ஆகிவிடும்.

ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி வடிவமைப்பு என்று பிரித்துப் பேச ஆசை இருந்தால் கடைசியில் ஓடும் பெயர்களை நின்று படியுங்கள். 'கர்ணன்', 'மாமன்னன்', 'வாழை' மூன்றுக்கும் ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர் என்று தெரிந்துகொண்டால், அடுத்த படத்தில் வெயிலை எப்படிக் காட்டுகிறார் என்று கண் தானாகத் தேடும். பாராட்டும் சரியான ஆளுக்குப் போய்ச் சேரும்.

படி 4: கதை எதுவரை

டிரெய்லரில் காட்டியது, முதல் கால் மணி நேரத்தில் நடப்பது. அதுவரைக்கும்தான். "இடைவேளையில ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்றுகூடச் சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் படம் பார்க்க மாட்டார், ட்விஸ்டுக்குக் காத்திருப்பார்.

படி 5: பிடிக்கவில்லை என்றால்

முதலில் குற்றம் படத்திலா தியேட்டரிலா என்று பாருங்கள். ஒரு தியேட்டரில் ஒரு படம் பார்த்துவிட்டு, "பேசுறது ஒண்ணுமே புரியல, வசனத்த முழுங்குதாவ" என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். பிறகு அதே படத்தை வேறு தியேட்டரில் பார்க்க நேர்ந்தது. ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது. தியேட்டரில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில் இருந்துதான் வரும். அது மக்கர் செய்தால் இசையும் அடிதடிச் சத்தமும் காதைப் பிளக்கும், பேசுவது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். நடித்தவர்கள் மேல் நான் போட்ட பழி அது. அந்தப் பத்துப் பேரில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் திருத்திச் சொன்னேன். படம் மங்கலாகத் தெரிந்தாலும் இதே கதைதான். ஒளிப்பதிவாளரைத் திட்டுவதற்கு முன் புரொஜெக்டரைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, "படம் சரியில்ல" என்பதையும் "எனக்கு ஒத்துவரல" என்பதையும் பிரித்து வையுங்கள். எனக்குப் பேய்ப்படம் ஆகாது. அது படத்தின் குறையாகாது. ஆனால் அண்ணன், தங்கை என்று அறிமுகப்படுத்திய இருவரின் கதையைப் பாதியில் மறந்துவிட்டார்கள் என்றால் அது படத்தின் குறை. அதைத் தயங்காமல் சொல்லலாம். நடிகரின் நிறம், உடம்பு, வயது பற்றிய பேச்சு எந்தக் கணக்கிலும் சேராது, அதை விட்டுவிடுங்கள்.

படி 6: நம்ம ஊர்ப் படம் என்றால் நீங்கள் கூடுதலாக ஒன்று சொல்லலாம்

திருநெல்வேலிப் பேச்சு திரையில் வரும்போது வெளியூர்க்காரருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். வாக்கியத்துக்கு வாக்கியம் "லே" போட்டால் நெல்லைத் தமிழ் ஆகிவிடாது. "ஏலே" சின்னவனையும் சேக்காளியையும் கூப்பிடுவது. "வே" கொஞ்சம் மரியாதையோடு கூப்பிடுவது, அதைப் போட்டால் கூடவே "வாரும்வே, இரியும்வே, சொல்லும்வே" என்று வினையும் மாற வேண்டும். "வாடா வே" என்று ஒருவர் பேசினால் நம் காது சுளித்துக்கொள்ளும். உண்மையில் நம் பேச்சு இருப்பது "பாக்கேன், சொல்லுதேன், வந்தாவ" என்ற வினைமுடிவுகளில்தான். மரியாதைக்குரிய ஒருவரை "அவிய வந்தாவ" என்று ஒரு நடிகர் இயல்பாகச் சொன்னால் அவருக்கு நல்ல ஆள் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

வேலையையும் பாருங்கள். 'வாழை'யில் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிள்ளைகள் வாழைத்தார் சுமக்கப் போகிறார்கள். ஈரச் சேற்றில் காலை எங்கே வைப்பது, தலைச்சுமை கூடக்கூடக் கழுத்து எப்படி விறைக்கும் என்பதெல்லாம் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அது திரையில் சரியாக இருந்ததா என்று நீங்கள் சொன்னால் சென்னையில் இருக்கும் ஒருவருக்கு அது பெரிய தகவல். எங்கள் தெருவில் அந்த வேலை செய்த ஒரு பெரியவர் படம் பார்த்துவிட்டு வேறெதுவும் சொல்லவில்லை, உச்சந்தலையைத் தடவிக்கொண்டார்.

படி 7: சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்

இப்போது வாட்ஸப்பில் ஒரு நிமிடத்துக்குள் பேசிப் பழகுங்கள். நான் மைனிக்கு அனுப்பியது இது:

"மைனி, கொட்டுக்காளி பாத்துட்டேன். ஒரு பிள்ளைக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லி ஒரு சாமியார்ட்ட குடும்பமே கூட்டிட்டுப் போவுது. ஒரு நாள் பயணம், அவ்வளவுதான் கத. பாட்டு கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. வண்டிச் சத்தம், காத்து, கூட கொண்டுபோற சேவல் சத்தம், அதுதான் கேக்கும். பிள்ளைய அடிக்கிற ஒரு எடம் வரும், பாக்கக் கஷ்டமா இருக்கும். சின்னவன விட்டுட்டு வாங்க. ரோட்டுல ஒரு காள மாடு வரும், அந்த எடத்த நல்லா பாருங்க. கடைசில என்ன ஆச்சுன்னு படம் சொல்லாது, நாமதான் யோசிக்கணும். அண்ணனுக்கு அது ஒத்துவராது, வெளிய வந்து சண்ட போடுவாவ. நீங்க மட்டும் வாங்க, நான் இன்னொரு தடவ வாரேன்."

கதை எதுவரை, என்ன இருக்காது, எங்கே கஷ்டம், எதைக் கவனிக்க, யாருக்கு ஒத்துவராது எல்லாம் இதில் இருக்கிறது. "சூப்பர்" என்ற சொல் இல்லை. கேட்டுப் பார்த்து, எந்த வாக்கியத்தை எடுத்தாலும் ஒன்றும் குறையவில்லையோ அதை எடுத்துவிடுங்கள்.

படி 8: அவர் பார்த்துவிட்டு வந்ததும் நீங்கள் கேளுங்கள்

சிபாரிசு செய்ததோடு வேலை முடியவில்லை. "எந்த எடத்துல மணி பாத்தீங்க?" என்று கேளுங்கள். மைனி எனக்குச் சொன்ன இடம் நான் எதிர்பார்க்காத இடம். காளைக் காட்சியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆட்டோவில் வரும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைத்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்னுடையதில் சித்தியின் பக்கம் இப்படி இருக்கிறது:

"சாவு வீடு வேண்டாம், இப்போதைக்கு. ஊர், ஆறு, மழை வந்தால் பிடிக்கும். பழைய பாட்டு ஒன்று வந்தால் போதும். வில்லன் திருந்தினால் நம்ப மாட்டார். இரண்டரை மணி நேரம் தாண்டினால் முதுகு வலிக்கும், ஓரச் சீட்டு எடுக்க வேண்டும். வாழையை டிவியில் போட்டபோது முதல் பாதி மட்டும் பார்த்தார். சிரித்தார்."