இரவில் மூன்று வரி

நாட்குறிப்பு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரம் பக்கம் பக்கமாக எழுதி, இரண்டாம் வாரம் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே இரவு பல் துலக்கிய கையோடு, தலையணை அருகே வைத்திருக்கும் நோட்டில் மூன்று வரி மட்டும் எழுதுங்கள். தவறாமல் செய்யும் வேலையோடு முடிச்சுப் போட்டால்தான் புதுப் பழக்கம் நினைவில் நிற்கும். ‘இன்று கோபம் வந்தது’ என்பதில் பயனில்லை. ‘மூன்று மணிவரை சாப்பிடவில்லை, பேனாவைத் தொலைத்த மகனிடம் கத்தினேன்’ என்று எழுதினால், பின்னர் புரட்டும்போது காரணம் பேனாவா பசியா என்பது தெரிந்துவிடும்.

எந்தச் செயலும் 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்லும் கணக்கை நான் நம்புவதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சுமார் 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள்வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போனாலும் பாதகமில்லை. விட்டதையும் சேர்த்து எழுத உட்காராமல், அன்றைய மூன்று வரியோடு நோட்டை மூடிவிடுங்கள்.