சோமாலிய எம்பி, அமைச்சர் ஒருத்தரோட அரசியல் வாழ்க்கைய குழப்பமில்லாம எழுதுறது எப்படி

சோமாலியாவுல ரொம்ப வருஷமா எம்பி, நடுநடுவுல அமைச்சர்னு இருந்த ஒருத்தர பத்தி எழுத உக்காந்தீங்கன்னா முதல்ல பேர சரி பண்ணுங்க. அங்க குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, தன் பேர், அப்பா பேர், தாத்தா பேர் அவ்ளோதான். உமர் அப்திரஷீத் அலி ஷர்மார்க்கே 2009லயும் 2014லயும் பிரதமர் ஆனவர், அவரோட அப்பா அப்திரஷீத் அலி ஷர்மார்க்கே 1960ல பிரதமர், பிறகு ஜனாதிபதியா இருக்கும்போதே 1969 அக்டோபர்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. ஆரம்பத்துல நான் ரெண்டு பேரையும் கலந்து எழுதி வெச்சு, அப்புறம் மொத்தமா அழிச்சேன். பட்டப் பேரையும் குறிச்சுக்கங்க, செய்தியில பாதி நேரம் அதுதான் வரும் (இத்தாலிய மொழியில ஃபொர்மாஜ்ஜோன்னா சீஸ், அதுலேர்ந்து வந்த பட்டப் பேர்தான் முன்னாள் ஜனாதிபதி முகமது அப்துல்லாஹி முகமதுவுக்கு இருக்கிற ஃபர்மாஜோ).

அடுத்து, இத்தனை வருஷம் எம்பின்னு மொத்தமா எழுதாதீங்க, எந்த நாடாளுமன்றம்னு பிரிச்சு எழுதுங்க, இதுதான் ரொம்ப முக்கியம். 1969ல சியாத் பாரே ராணுவப் புரட்சி பண்ணி நாடாளுமன்றத்தையே கலைச்சுட்டார், 1991ல அவர் ஆட்சியும் கவிழ்ந்தப்புறம் அரசாங்கமே இல்லாமப் போச்சு. 2000ல ஜிபூட்டியில இருக்கிற ஆர்தாவுல பேசி ஒரு நாடாளுமன்றத்த உருவாக்குனாங்க, 2004ல கென்யாவுல 275 பேரோட இன்னொண்ணு, அது சொந்த நாட்டுல முதல்முறையா கூடுனது 2006 பிப்ரவரியில, பைதோவா ஊர்ல ஒரு தானியக் கிடங்குல! 2009ல 550 பேர் ஆச்சு, 2012 அரசியலமைப்புக்கு அப்புறம் மறுபடி 275. சீட்டெல்லாம் 4.5ங்கிற கணக்குல போச்சு, நாலு பெரிய குலத்துக்கும் சமபங்கு, மத்த சின்ன குலங்களுக்கெல்லாம் சேர்த்து அரைப்பங்கு. அதனால எந்தக் கட்சின்னு தேடி நேரத்த வீணாக்காதீங்க, எந்தக் குலத்தோட சீட்டுன்னு பாருங்க.

பழகிக்க ஷரீஃப் ஹசன் ஷேக் ஆதன எடுத்துக்கங்க. 2004ல சபாநாயகர், 2007 ஜனவரியில எம்பிக்களே ஓட்டு போட்டு இறக்கிட்டாங்க, 2009ல நிதியமைச்சர், 2010ல திரும்ப சபாநாயகர், 2014லேர்ந்து 2018 வரை தென்மேற்கு மாநிலத்துக்குத் தலைவர். இத ஒரே வரியில "மூத்த தலைவர்"னு முடிச்சா விழுந்ததும் எழுந்ததும் எதுவுமே தெரியாது.

அமைச்சர்னு போட்டிருந்தா எந்த ரகம்னும் பாருங்க. வசீர்னா முழு அமைச்சர், வசீரு தவ்லேன்னா ராஜாங்க அமைச்சர், வசீர் கு ஹிகேன்னா துணை அமைச்சர், மூணும் வேற வேற. புன்ட்லாந்து மாதிரி மாநிலங்களுக்கும் தனியா அமைச்சர்கள் இருக்காங்க, தலைநகர் மொகதிஷுவுல இருக்கிற மத்திய அரசு அமைச்சர்களோட சேர்த்துடாதீங்க. பிரதமர் அடிக்கடி மாறுவார், அதனால பதவி பக்கத்துலயே யாரோட அமைச்சரவைன்னும் எழுதிடுங்க.

ஆபத்த விட்டுடாதீங்க. 2009 டிசம்பர் 3ல மொகதிஷுவுல ஷாமோ ஹோட்டல்ல மருத்துவ மாணவங்க பட்டமளிப்பு விழாவுல குண்டு வெடிச்சு அமைச்சர்களே செத்தாங்க. அந்த வருஷங்கள்ல பதவியில இருந்தவர பத்தி எழுதும்போது, அவரோட உக்காந்திருந்த யாரையெல்லாம் இழந்தார்னு ஒரு வரியாவது கண்டிப்பா வைங்க.