இன்ஜினில் ஓடும் வின்ச்: வாங்கும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

பேட்டரியை நம்பாமல் இன்ஜின் பலத்திலேயே இழுக்கும் வின்ச் (ரோப்பைச் சுற்றி, சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) வேண்டுமா? ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்பது மட்டும் போதாது. கியர்பாக்ஸிலோ, முன்-பின் சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலோ பி.டி.ஓ. (இன்ஜின் பலத்தை வெளியே எடுத்துக் கொடுக்கும் இணைப்பு) பொருத்த இடம் இருக்க வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் இருக்காது. அப்படியானால் எலெக்ட்ரிக் வின்ச்சுக்கே போய்விடலாம்.

இடம் இருந்தால் அடுத்த தலைவலி, பி.டி.ஓ.விலிருந்து வின்ச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட். ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கும் கியர்பாக்ஸ் சுமையில் அசையும். வின்ச்சோ சேஸியோடு இறுகி நிற்கும். அதனால் நீளம் கூடிக் குறையும் ஸ்லிப் ஜாயின்ட் அவசியம். ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (கவை மாதிரி இருக்கும் இணைப்புகள்) ஒரே வாக்கில் நிற்கட்டும், மாறினால் ஷாஃப்ட் உதறும். முன் ஆக்ஸில் முழுசாக மேலே ஏறும்போது ஷாஃப்டில் எங்கும் இடிக்கக் கூடாது.

அப்புறம் ஷியர் பின். சுமை மீறினால் தான் உடைந்து கியரைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டை மாட்டுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம், அடுத்து உடைவது கியராகவோ ரோப்பாகவோ இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன பின்னிலேயே நாலைந்தை வண்டியில் போட்டு வையுங்கள்.