கூட்டிப் பார்த்தால் தப்பும் கணக்கு: ஃபிரேசல் வெர்ப் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் என் மாலை வகுப்பில் ஒரு மின்னஞ்சல் வரியைப் பலகையில் எழுதினேன். திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில், ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆன பிள்ளைகள் வரும் வகுப்பு அது. வரி இதுதான்: 'ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் கட்டிங் அன்டில் வீ அப்ரூவ் த லேப் டிப்.' சாய மாதிரிக்கு நாங்கள் ஒப்புதல் தரும்வரை துணியை வெட்டத் தொடங்காதீர்கள் என்று பையர், அதாவது சரக்கை வாங்குபவர், சொல்கிறார். இந்த 'ஹோல்ட் ஆஃப்' போல, ஒரு வினைச்சொல்லோடு 'ஆஃப்', 'அப்' போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தருவதுதான் ஃபிரேசல் வெர்ப்.

முதல் வரிசைப் பையன் எழுந்தான். "ஹோல்ட் என்றால் பிடித்து வைப்பது, ஆஃப் என்றால் விடுவது. நிறுத்தி வைத்த கட்டிங்கை விடச் சொல்கிறார்கள், சார்."

'அன்டில்' என்ற சொல் அங்கே குறுக்கே கைநீட்டி நிற்பதை அவன் பார்க்கவே இல்லை. வகுப்பறை என்பதால் துணி பிழைத்தது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இருபது வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே கூட்டல் கணக்கு. அப்போது விலை கொடுத்தவர் என் முதலாளி.

'லைட்டை ஆஃப்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கக் கூடாது, 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபவுட்' வேண்டாம் என்பதையெல்லாம் யாராவது உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு சொல்லையும் கூட்டிப் பொருள் காண்பது

2004ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வெளிநாட்டு பையர் ஒருவர் சரக்கை வாங்கிக்கொண்டு, தையல் குறை என்று சொல்லி 3,400 டாலரை நிறுத்தி வைத்திருந்தார். அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய். பாக்கிக் கணக்கை எழுதி அனுப்பி, பணத்தைக் கேட்கும்படி முதலாளி என்னிடம் சொன்னார்.

எனக்கு 'ரைட் டவுன்' தெரியும், குறித்துக்கொள்வது. 'செண்ட் ஆஃப்' தெரியும், அனுப்பி வைப்பது. ஆகவே 'ரைட் ஆஃப்' என்றால் எழுதி அனுப்பி வைப்பது. சந்தேகமே வரவில்லை, அதுதான் இன்றும் எரிச்சல். அகராதி மேசை மேலேயே இருந்தது. 'வீ வில் ரைட் ஆஃப் த பேலன்ஸ் அமௌண்ட் பை ஃப்ரைடே' என்று எழுதி அனுப்பினேன்.

பாக்கித் தொகையை வெள்ளிக்கிழமைக்குள் கைகழுவி விடுகிறோம் என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டே மணி நேரத்தில் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. அந்த பையர் அவ்வளவு விரைவாக எந்த மின்னஞ்சலுக்கும் பதில் எழுதியதில்லை. அதுவாவது என்னை உறுத்தியிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து நினைவூட்டியபோது, என் மின்னஞ்சலையே ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி அதை அச்செடுத்து, ஒரு வார்த்தைக்குக் கீழே கோடு போட்டு, என் மேசையில் வைத்தார். "தம்பி, பாக்கியை வேண்டாமென்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அப்போது என் சம்பளம் 4,500 ரூபாய்.

பிறகு ஒரு கணக்காளர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. கணக்கியலில் 'ரைட் ஆஃப்' என்பது, வராது என்று தெரிந்த தொகையைத் தன் ஏட்டின் சொத்துப் பக்கத்திலிருந்து நீக்குவதுதான். அதனால் மட்டும் கடன்பட்டவர் தப்பித்துவிட மாட்டார். வேண்டாமென்று விட்டுக்கொடுப்பதற்கு 'வெய்வ்' என்று வேறு சொல் இருக்கிறது. வங்கிச் செய்திகளில் இரண்டையும் 'தள்ளுபடி' என்ற ஒரே சொல்லால் எழுதி நம்மைக் குழப்புகிறார்கள். இது அன்றே தெரிந்திருந்தால் கொஞ்சம் வாதாடிப் பார்த்திருக்கலாம். ஆனால் கடன் கொடுத்தவனே கடன்காரனுக்கு இப்படி எழுதினால், அவன் விட்டுக்கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வான்.

தமிழ் பேசுகிற நாம் இந்தக் கூட்டலைப் போடுவதுதான் வேடிக்கை. மேலே 'கைகழுவி விடுகிறோம்' என்று எழுதினேனே, அதைப் படித்தபோது உங்களுக்குச் சோப்பும் தண்ணீரும் நினைவுக்கு வந்தனவா? கண்டுபிடிப்பதில் யாரும் எதையும் பிடிப்பதில்லை. கைவிடுவதில் கை எங்கும் போவதில்லை. நம் மொழியில் கூட்டிப் பார்க்காத நாம் ஆங்கிலத்துக்குப் போனதும் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று விரல் மடக்குகிறோம்.

நம் மொழியே ஒரு பிடியும் தருகிறது. 'சாப்பிடு' வேறு, 'சாப்பிட்டுவிடு' வேறு. அந்த 'விடு' எதையும் விடச் சொல்லவில்லை, வேலையை முடிக்கச் சொல்கிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்' இவற்றில் 'அப்' செய்கிற வேலையும் அதுதான், மேலே என்பதல்ல. 'கேரி ஆன்', 'கீப் ஆன்' இவற்றின் 'ஆன்' நம் 'கொண்டே இரு' போன்றது. 'ஆஃப்' பெரும்பாலும் விலகலைக் காட்டும்: கழற்றுவது, தள்ளிப்போடுவது, ஏட்டிலிருந்து நீக்குவது. இதைத் தெரிந்துகொண்டால் பார்த்த பொருள் மனத்தில் தங்கும். பார்க்காத பொருளை ஊகிக்க மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். 'கிவ் அப்'பில் எதையும் கொடுத்து முடிப்பதில்லை, முயற்சியைத்தான் கைவிடுகிறோம்.

அந்தக் கோடு போட்ட தாளுக்குப் பிறகு என் நோட்டுப் புத்தகம் மாறியது. சொல், சமக்குறி, தமிழ்ப் பொருள் என்று எழுதுவதை நிறுத்தினேன். மின்னஞ்சலில் வந்த முழு வாக்கியத்தை இடப்பக்கம் எழுதி, அதே வாக்கியத்தைத் தமிழில் வலப்பக்கம் எழுதினேன். எதை 'ரைட் ஆஃப்' செய்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு கடனை. விபத்தில் நொறுங்கி, பழுது பார்த்தும் பயனில்லாத காரை. இவன் தேறமாட்டான் என்று முடிவு கட்டி ஒரு மனிதனை. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் குணம் தெரிந்துவிடுகிறது. அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் காரைப் பற்றிய வாக்கியத்தில் மறுபடியும் விழுந்திருப்பேன்.

'கெட்' பட்டியல்

'கெட் அப்', 'கெட் ஆன்', 'கெட் ஓவர்', 'கெட் த்ரூ', 'கெட் அவே' என்று நாற்பதை ஒரே தாளில் அச்சிட்டுக் கடைகளில் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். வினைச்சொல் ஒன்றாகவே இருப்பதால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரீட்சை முடிந்ததும் 'ஓவர்' எது, 'த்ரூ' எது என்று நினைவிருக்காது. உங்கள் வேலையில் ஒரு வாரத்தில் கண்ணில் படுபவை ஐந்தாறுதான். எங்கள் தொழிலில் 'ரன் அவுட்' (நூல் தீர்ந்துவிட்டது), 'ஃபாலோ அப்' (விடாமல் விசாரிப்பது), 'பேக் அவுட்' (ஒப்புக்கொண்டு பின்வாங்குவது), 'ஃபால் த்ரூ' (பேசிய ஆர்டர் கைகூடாமல் போவது), 'மேக் அப் ஃபார்' (தாமதத்தை ஈடுகட்டுவது). செவிலியராக வெளிநாடு போகிறவருக்கு இவற்றால் பயனில்லை. அங்கே நோயாளி 'த்ரோ அப்' என்பார், அதாவது வாந்தி. மருந்தின் வேகம் குறைவதை 'வேர் ஆஃப்' என்பார். அவரவர் பட்டியலை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும்.

'இட்' நிற்கும் இடம்

'பிக் அப் த பார்சல்', 'பிக் த பார்சல் அப்', இரண்டும் சரி. ஆனால் பார்சலுக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'பிக் இட் அப்'. 'பிக் அப் இட்' தவறு. 'லுக் ஆஃப்டர்' போன்றவற்றை இப்படிப் பிரிக்கவே முடியாது, 'லுக் ஆஃப்டர் இட்'தான். விதியாகப் படித்தால் மறக்கும். புதிதாக ஒன்றைக் கற்கும்போதே 'இட்' சேர்த்து வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

முன்பின் மாற்றிப் போடுவது

'லுக் ஓவர்' என்றால் ஒரு முறை பார்வையிடுவது. 'ஓவர்லுக்' என்றால் பார்க்காமல் கோட்டைவிடுவது. 'ஐ ஹேவ் ஓவர்லுக்ட் த பேக்கிங் லிஸ்ட்' என்று ஒருவர் பையருக்கு எழுதியதைப் பார்த்திருக்கிறேன். உண்மையைத்தான் எழுதியிருந்தார். பட்டியலில் இரண்டு பெட்டி குறைந்திருந்தது.

'புட் ஆஃப்', 'கால் ஆஃப்'

முதலாவதில் கூட்டம் இன்னொரு நாள் நடக்கும். இரண்டாவதில் நடக்காது.

'கோப் அப் வித்'

சமாளிப்பது என்றால் 'கோப் வித்' போதும், 'அப்' வேண்டாம்.

'பாஸ்டு அவுட்'

நம் ஊரில் பட்டம் பெறுவது. வெளிநாட்டில் மயங்கி விழுவது.

கொச்சை என்று ஒதுக்குவது

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள். 'புட் ஆஃப்' தெருப்பேச்சு, 'போஸ்ட்போன்'தான் கௌரவம் என்பார்கள். ஒப்பந்தத்திலும் சட்டக் கடிதத்திலும் ஒற்றைச் சொல்லே நல்லது, ஒப்புக்கொள்கிறேன். சொல்லப்போனால் எழுதும்போது துளி சந்தேகம் வந்தாலும் 'போஸ்ட்போன்' என்றே எழுதுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். 'ரைட் ஆஃப்' எழுதிய நாளில் 'செண்ட் யூ த ஸ்டேட்மெண்ட்' என்று எழுதியிருந்தால் எங்கள் முதலாளிக்கு ஒன்றரை லட்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் வருகிற மின்னஞ்சலை எழுதுபவர் நீங்கள் அல்ல. அந்த ஊர்க்காரர்கள் வாய்ப்பேச்சிலும் அவசரக் கடிதத்திலும் இவற்றைத்தான் கொட்டுகிறார்கள்.

அன்று வகுப்பு முடிந்ததும் அதே பையன் கைபேசியை நீட்டினான். சரக்கை அனுப்பி வைக்கும் முகவரான ஃபார்வர்டர் அனுப்பிய செய்தி: 'யுவர் கன்டெய்னர் இஸ் ஹெல்ட் அப் அட் டூட்டிகோரின்.' கன்டெய்னர் தூத்துக்குடியில் தடைபட்டு நிற்கிறது என்று பொருள்.

"சார், கன்டெய்னரைக் கிரேனில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா?"

விளையாட்டுக்குத்தான் கேட்கிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.